இரவு ஒன்பது பத்து

2020 ஜூன் கடைசியில் செய்தித்தாளில் வந்த ஒரு தகவல் இன்னும் என்னை விடவில்லை. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் ரேவதி, ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் காவலில் இறந்ததை விசாரிக்க வந்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனிடம் பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். விடிய விடிய அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அத்தனையும் சொன்னவர், கையெழுத்துக் கேட்டபோது தயங்கினார். வெகுநேரம் போடவில்லை. சொன்னது வெளியே நிற்கும் காவலர்கள் காதில் விழுந்துவிடும் என்று பயம். யாரும் ஒட்டுக்கேட்காமல் இருக்க நீதிமன்ற ஊழியர்களை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கு உறுதி கிடைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஊரடங்கு நாட்களில் நான் அம்மாவோடு இருந்தேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டதால் பேப்பரை நான்தான் படித்துக் காட்டுவேன். ஜெயராஜ், பென்னிக்ஸ் செய்தியை ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்தவள், ரேவதியைப் பற்றிப் படித்தபோது அழவில்லை.

"அந்தப் புள்ளைக்கு லைன் வீடா, வாடகை வீடா?" என்று மட்டும் கேட்டாள்.

போலீஸ் லைனில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் புரியும். வாடகை வீடென்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். லைனில் அது முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்.ஐ. வீட்டு மிக்ஸி ஓடுவது கேட்கும். ஒரே அடிபம்பு. துணி காயப்போட ஒரே கம்பி. ஆண்கள் ஸ்டேஷனில் யாரோடு பேசவில்லையோ அந்த வீட்டுப் பெண்களோடு இவர்கள் வீட்டுப் பெண்களும் பேசமாட்டார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்பா ரைட்டர் ஏட்டாக இருந்தார். எண்பதுகளின் நடுவில், தென்மாவட்டம் ஒன்றில் சின்ன ஸ்டேஷன். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பாவின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும்; அதனாலேயே எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் அவரை ரைட்டர் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பு அவர் பொறுப்பு. யார் டியூட்டிக்கு வந்தார், யார் ரவுண்ட்ஸ் போனார், யாரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் ஏற வேண்டும். பம்புசெட் மோட்டார் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு கூலித் தொழிலாளியை ஒருநாள் கொண்டுவந்தார்கள். இரவு ஒன்பது பத்து என்று அப்பா எழுதினார். விடிவதற்குள் அந்த மனிதர் இறந்துபோனார்.

காலையில் விசாரணைக்கு வரச்சொன்னோம், ஆறு மணிக்கு வந்தான், வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான் என்று எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் அப்படித்தான் சொன்னார். அப்பா, "ஏறிட்டுங்கய்யா" என்றாராம். புதிதாக ஒரு புத்தகம் போட்டு முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். இரண்டு பி.சி.க்கள் உதவிக்குத் தயாராக நின்றார்கள். அப்பா பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். இதை அவர் வீரமாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் வேட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார், பாதியில் நிறுத்திவிடுவார்.

காவலில் இருப்பவர் விஷயத்தில் மணி என்பது எத்தனை பெரிய சங்கதி என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கைது செய்த நேரத்தை எழுதி, சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் கைதானவரின் கையெழுத்தையும் வாங்க வேண்டும் என்றது. அப்பாவின் காலத்தில் அந்தத் தீர்ப்பு இல்லை. இருந்தது ஜி.டி.யும் அதை எழுதுகிறவரின் விரல்களும்.

அப்போது காவல் மரணம் என்றால் ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை வரும், போலீஸ் நிலையாணை 145 அப்படிச் சொன்னது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒவ்வொருவராக உள்ளே போய் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அப்பா உள்ளே போய் அடித்தார்கள் என்றார். எதால், எவ்வளவு நேரம், யார் யார் என்றும் சொன்னார். அவர் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேருவதற்கு முன்பே லைனுக்கு அது வந்து சேர்ந்துவிட்டது. அம்மா பம்படியில் குடத்தோடு நின்றிருக்கிறாள். முன்னால் நின்றவள் முறை முடிந்ததும் அம்மா முறை. அன்றைக்கு இன்னொருத்தி குடத்தை நகர்த்தி முன்னால் வைத்தாள், பிறகு இன்னொருத்தி. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

கல்லூரி விடுதியில் 'செர்பிகோ' படத்தை வீடியோ கேசட் போட்டுப் பார்த்தபோது இந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது. 1973 படம், சிட்னி லூமெட் எடுத்தது, அல் பசினோ நடித்தது. ஃபிராங்க் செர்பிகோ நியூயார்க் போலீஸ்காரர். சக போலீஸார் மாமூல் வாங்குவதை மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார், கேட்பாரில்லை. 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. 1971 பிப்ரவரி 3ஆம் தேதி புரூக்ளினில் போதைமருந்துக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில், கதவிடுக்கில் சிக்கிய செர்பிகோவின் முகத்தில் சுட்டார்கள். கூடப் போன போலீஸார், அதிகாரி ஒருவர் சுடப்பட்டார் என்ற அவசரத் தகவலை ரேடியோவில் அனுப்பவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த வயதானவர் ஒருவர் போன் செய்தார். அதனால் பிழைத்தார்.

அதற்குப் பிறகு போலீஸ் ஊழலை விசாரித்த நாப் கமிஷன் முன் சாட்சி சொன்னார், நாட்டைவிட்டுப் போனார். அந்தக் குண்டால் ஒரு காதில் கேட்கும் திறன் போயிருந்தது. துறையின் உயரிய பதக்கத்தை எந்தச் சடங்கும் இல்லாமல் கவுன்ட்டரில் வைத்து நீட்டினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குரிய சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 2022இல். சுடப்பட்டு 51 வருஷம் ஆகியிருந்தது.

படத்தில் என்னை உலுக்கியது துப்பாக்கிச் சூடு இல்லை. அதற்கு முன்னால் வருகிற பகுதிகள். லாக்கர் அறையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவது. எங்கள் லைனின் சத்தம் எனக்குத் தெரியும், சத்தம் நிற்பதும் தெரியும்.

அப்பாவை யாரும் அடிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆயுதப்படைக்கு மாற்றல் வந்தது, வேறு மாவட்டத்துக்கு. 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடம் நடுவருஷத்தில் மாறியது. அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், பெரிய தண்டனைக்கான 3(பி) சார்ஜ் மெமோ. ரோல்காலுக்கு வரவில்லையாம். அன்றைக்கு அவரைப் பாஸ்போர்ட் கொடுத்து வெளியே அனுப்பியதே அவர்கள்தான். பாஸ்போர்ட் என்று போலீஸில் சொல்வது டியூட்டிக்காக வெளியே போகக் கொடுக்கும் சீட்டை. அந்தச் சீட்டின் நகல் ஆபீஸில் காணவில்லை. விசாரணை அதிகாரி முன்னால் யாரும் அப்பாவுக்காகச் சொல்ல வரவில்லை. இரண்டு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு, 'கியூமுலேட்டிவ் எஃபெக்ட்'டோடு. சாகும்வரை வாங்கப்போகும் பென்ஷன் வரைக்கும் அந்த வெட்டு கூடவே வரும் என்று இதற்கு அர்த்தம். போலீஸ் குடும்பங்களில் குழந்தைகளுக்கே இந்த வார்த்தை தெரியும்.

பழிவாங்கல் என்றால் ஆள் வைத்து அடிப்பது, வீட்டுக்குக் கல்லெறிவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் பெரும்பாலும் அது டைப் அடித்து, எண் போட்டு, உரிய வழியாக வருகிறது. ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்துப் பார்த்தால் சட்டப்படி சரியாக இருக்கும். அப்பா அந்தத் தாள்களையெல்லாம் டிரங்குப் பெட்டியில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

தாளைவிட வதந்திதான் அவரை அதிகம் வாட்டியது. டியூட்டியில் குடித்துவிட்டு மணியை மாற்றி எழுதிவிட்டார் என்றார்கள். வெற்றிலைகூடப் போடாத மனிதர். செத்தவன் இவங்க ஆளு, அதான் காட்டிக்கொடுத்துட்டான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும், ஒருவன் சொன்ன உண்மை அத்தனையும் செத்துவிடும். அந்தக் கூலித் தொழிலாளி எங்கள் சாதி இல்லை. இருந்திருந்தாலும் அவர் அடிபட்டுத்தான் செத்தார். கடைசியில், ஏட்டுக்கு மண்டையில் கொஞ்சம் கோளாறு என்றார்கள். அம்மா வழி மாமா ஒருவரே நாகர்கோவிலில் நல்ல டாக்டர் இருக்கிறார், ஒருதடவை காட்டிட்டு வந்துருங்க அத்தான் என்று சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னார், அதுதான் தாங்க முடியாதது.

நியூயார்க்கில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்டை நிஜமாகவே கொண்டுபோய் அடைத்தார்கள். புரூக்ளினில் 81ஆவது சரகக் காவலர். இத்தனை பேரை நிறுத்திச் சோதனை போட வேண்டும், இத்தனை சம்மன் எழுத வேண்டும் என்று மேலே இருந்து கணக்குக் கொடுத்தார்கள். வழிப்பறியைத் தொலைந்த பொருள் என்று எழுதிக் குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார்கள். அவர் ரோல்காலில் பேசுவதையெல்லாம் மாதக்கணக்கில் பதிவு செய்தார், விசாரணைப் பிரிவிடம் போய்ச் சொன்னார். 2009 அக்டோபர் 31ஆம் தேதி உடம்பு சரியில்லை என்று முன்னதாக வீட்டுக்குப் போனவரின் வீட்டுக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். விலங்கு போட்டு மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள். ஒரு டேப் ரெக்கார்டரைப் பறித்தார்கள், இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் கிரஹாம் ரேமேன் அந்த நாடாக்களைத் தொடராக எழுதினார். குற்றக் கணக்கைத் திரித்தது உண்மை என்று துறையின் உள் விசாரணையே சொன்னது. அந்த அறிக்கையை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 2015இல் நகர நிர்வாகம் 6,00,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அயர்லாந்தின் மாரிஸ் மெக்கேபைப் பற்றிப் படித்தபோது எங்கள் வதந்திகள் சின்னவை என்று தோன்றியது. கேவன் பகுதி சார்ஜென்ட். வாகனக் குற்றப் புள்ளிகளை வேண்டியவர்களுக்கு ரத்து செய்கிறார்கள் என்று சொன்னார். குழந்தையிடம் பாலியல் கொடுமை செய்தவர் என்ற பொய் அவரைச் சுற்றிப் பரவியது. அரசின் குழந்தைகள் நல அமைப்பின் கோப்பிலேயே அந்தப் பொய் ஏறியிருந்தது. 2018இல் நீதிபதி சார்ல்டன் தலைமையிலான தீர்ப்பாயம், காவல்துறைத் தலைவராக இருந்தவரே அவரது பெயரைக் கெடுக்க முனைந்தார் என்று கண்டறிந்தது. ஐந்து பிள்ளைகளின் தகப்பன் அவர். அத்தனை வருஷம் அந்தப் பெயரோடு கடைத்தெருவில் நடந்திருக்கிறார்.

சாத்தான்குளத்துக்கு வருகிறேன். ஜூன் 19 இரவு அந்த நிலையத்தில் ரேவதி மட்டும் இல்லை. டியூட்டியில் பலர் இருந்தார்கள். நடுவரிடம் பேசியவர் அவர். கடையை அடைக்க நேரமானது என்று பிடித்துவந்த அப்பாவும் மகனும் 22ஆம் தேதி இரவும் 23ஆம் தேதி விடியலிலுமாகக் கோவில்பட்டியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குள் அரசு மருத்துவர் உடல்தகுதிச் சான்று கொடுத்திருந்தார், நடுவர் ஒருவர் ரிமாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தார், கிளைச்சிறை வாங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மேஜைகளைத் தாண்டிப் போன இரண்டு உடல்களைப் பற்றி, முதல் மேஜையில் இருந்த ஒரு பெண் வாய் திறந்தார்.

நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக வழக்கை எடுத்திராவிட்டால் பாரதிதாசன் அங்கே போயிருக்க மாட்டார். போனவருக்கு என்ன நடந்தது? லத்திகளைக் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். ஒரு காவலர் நடுவர் காதுபடவே ஒருமையில், உன்னால் எதுவும் ஆகாது என்கிற பொருளில், அச்சிட முடியாத சொல்லால் பேசினார். கேமரா பதிவைத் தேடினால், ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும் அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். கடைசியில் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி உயர் நீதிமன்றம் ஆட்சியருக்குச் சொன்னது. நீதிமன்றத்தின் ஆளாக வந்த நடுவருக்கே இந்த மரியாதை என்றால், மறுநாளும் அதே சீருடையைப் போட்டுக்கொள்ள வேண்டிய தலைமைக் காவலரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நினைத்துப் பார்த்தோமா? சமூக வலைத்தளங்களில் அவர் படத்தைப் போட்டு வீரப்பெண் என்றோம். நீதிமன்றம் சம்பளத்தோடு விடுப்பும் பாதுகாப்பும் கொடுக்கச் சொன்னது. நல்லது. அதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். சி.பி.ஐ. வழக்கு மதுரையில் ஐந்து வருஷம் தாண்டியும் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, குற்றம்சாட்டப்பட்ட தன் பழைய மேலதிகாரிகள் முன்னாலேயே அவர் அந்த இரவைத் திரும்பச் சொன்னார். துணிச்சல் துணிச்சல் என்று கொண்டாடுகிறோமே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பார்த்ததைச் சொல்ல ஒரு அரசு ஊழியருக்கு ஏன் அத்தனை துணிச்சல் தேவைப்பட வேண்டும்? ஊழல், அதிகார முறைகேடு பற்றிப் புகார் சொல்பவர்களைக் காக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வரவில்லை. நடைமுறையில் இருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டம். போலீஸ்காரர் சங்கம் சேர்வதையும் பத்திரிகையோடு பேசுவதையும் கட்டுப்படுத்துகிற சட்டம் அது.

போலீஸ் புகார் ஆணையங்களும் இருக்கின்றன. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் போட்ட சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அப்பா இன்றைக்கு ஏட்டாக இருந்தால் அந்தப் படியேறியிருப்பாரா?

அம்பாசமுத்திரத்தில் 2023இல், விசாரணைக்கு அழைத்துப்போய்ப் பல்லைப் பிடுங்கினார்கள் என்ற புகார் வந்தது. உடைந்த பற்களைக் காட்டிப் பேசியவர்களில் சிலர் பிறகு கீழே விழுந்துவிட்டேன் என்றார்கள். அவர்களைக் கோழைகள் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தெரு முனையில் அதே ஸ்டேஷன். அடுத்த வாரம் ஏதாவது ஒரு திருட்டு நடந்தால் முதலில் தட்டப்படும் கதவு அவர்களுடையது.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் காவலில் இறந்த கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படைப் போலீஸார் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்தார். சில நொடிகள்தான். அந்தக் காட்சி இல்லாவிட்டால் வலிப்பு என்றோ தப்பி ஓடும்போது விழுந்தார் என்றோ எழுதி முடித்திருப்பார்கள். எடுத்தவர் மிரட்டல் வருகிறது என்று பாதுகாப்புக் கேட்டு டி.ஜி.பி.க்கு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கு வருகிறவர்களும் காவலர்களே. அதைக் கேட்டபோது அம்மா, "காவலுக்கு நிக்கிற பையன்கிட்ட அந்தப் பிள்ளை காப்பி வாங்கிக் குடிக்குமா?" என்றாள்.

அப்பா ஏட்டாகவே ஓய்வு பெற்றார். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எஸ்.ஐ. ஆனார்கள். அந்தக் கூலித் தொழிலாளியின் மனைவி சிலகாலம் தீபாவளிக்கு முன்னால் வந்து போவார். கொல்லைப்புறமாக அல்லாமல் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வழக்கு ஆர்.டி.ஓ. அறிக்கையைத் தாண்டி எங்கும் போகவில்லை. அப்பா ஓய்வு பெற்ற பிறகும் இன்கிரிமென்ட் வெட்டை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் போட்ட மனுவை விடவில்லை. கடைசியில் ஜெயித்தார். விசாரணையில் ஆவண நகலைக் கொடுக்கவில்லை, நடைமுறை பிசகு, ஆகவே தண்டனை ரத்து, நிலுவையைக் கொடு என்று இரண்டு பக்க உத்தரவு.

வக்கீல் அலுவலகத்தில் அப்பா அதை வரிவரியாகப் படித்தார். நானும் கூட இருந்தேன். ஆர்.டி.ஓ. முன்னால் அவர் சொன்ன சாட்சியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதற்காக அந்த மெமோ வந்தது என்பதும் இல்லை.

"சார், காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி அப்பீல் போகலாமா?" என்று கேட்டார்.

"ஜெயிச்ச கேஸ்ல என்னத்தச் சொல்லி அப்பீல் போறது ஏட்டய்யா?" என்றார் வக்கீல். அப்பா உத்தரவை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் வேறு எந்த வழியில் அதைப் பதிவு செய்யலாம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.